பச்சை குத்திய கையும் ரேகை வைத்த கையும்

பள்ளி மாற்றுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். 'அங்க அடையாளங்கள்' என்று ஒரு வரி இருக்கும். வலது முழங்கையில் மச்சம், இடது புருவத்தில் தழும்பு என்று ஏதாவது எழுதியிருப்பார்கள். சேலம், நாமக்கல் பகுதிகளில் நாங்கள் மனு எழுதிக் கொடுக்கும் மூத்த பெண்களிடம் "அடையாளம் என்னங்கம்மா?" என்று கேட்டால் பலரும் பேசாமல் கையை நீட்டுவார்கள். முழங்கை வரை பச்சை இருக்கும். புள்ளிக் கோலம், தேள், தாமரை, அண்ணன் தம்பி பெயர் என்று ஆளுக்கொன்று. நிறம் மங்கி நீலமும் சாம்பலும் கலந்து கிடக்கும்.

அந்தக் கையைப் பேத்திகள் பட்டிக்காட்டு அடையாளம் என்கிறார்கள். அதே பேத்தியோடு படிக்கும் பெண் சேலத்தில் குளிரூட்டிய கடைக்குப் போய் ஆயிரக்கணக்கில் செலவழித்து 'டாட்டூ' போட்டுக்கொண்டு வருகிறாள். தோலுக்குள் மை ஏற்றுவதுதான் இரண்டும். ஒன்று அவமானம், மற்றது அழகு என்று எப்படி ஆனது? நாகரிகம் மாறிவிட்டது என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ஊசி பிடித்த கை யாருடையது என்று கேட்டால் இது சாதியின் கதையாகவும், காவல் நிலையப் பதிவேட்டின் கதையாகவும் விரிகிறது.

குறத்தியின் ஊசி

தமிழ் நிலத்தில் பச்சை குத்தும் தொழிலைப் பெரும்பாலும் செய்தவர்கள் குறவர் பெண்கள். (குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. இரண்டையும் குழப்பும் பழக்கம் அரசு அலுவலகங்களிலும் இருக்கிறது, திரைப்படங்களிலும் இருக்கிறது.) சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்தத் தொழிலை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டி, ஆமணக்கு எண்ணெய் விளக்கில் எரிப்பார்கள். மேலே புதுச் சட்டியைக் கவிழ்ப்பார்கள். சட்டியின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை தயார். ஒரு புள்ளிக்கோ கோட்டுக்கோ காலணா, பெரிய கோலத்துக்கு 12 அணா வரை கூலி. வலியில் துடிக்கும் சிறுமியின் கவனத்தைத் திருப்பக் குறத்தி பாடிக்கொண்டே குத்துவாள் என்பதையும் அவர் குறித்திருக்கிறார்.

இதைத் தொழில்நுட்பமாகவும் பார்க்க வேண்டும். எந்த மை தோலில் நிற்கும், எவ்வளவு ஆழம் குத்தினால் இரத்தம் கொட்டாது, குத்திய பின் மஞ்சள் பூசி எப்படி ஆற்ற வேண்டும் என்ற அறிவு தாயிடமிருந்து மகளுக்குப் போனது. எழுதப் படிக்க விடப்படாத பெண்கள் நினைவிலிருந்தே சிக்குக் கோலத்தை ஒரு பிசிறு இல்லாமல் தோலில் இறக்கினார்கள். தவறாகப் போட்ட கோட்டை அழிக்க முடியாத கலை இது.

ஊர்த்தெருப் பெண்களும் சேரிப் பெண்களும் இவர்களிடம்தான் கை நீட்டினார்கள். செத்த பிறகு நகை கூட வராது, பச்சை மட்டும்தான் கூட வரும் என்பது பாட்டிமார் சொல்லும் வழக்கு. ஆனால் தாழ்ந்தவள் என்று ஒதுக்கிய பெண்ணின் மடியில்தான் அந்தக் கை வைக்கப்பட்டது. வாசலோடு நிறுத்தப்பட்டவள், ஒரு நாழிகை அந்த வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தாள். வேலை முடிந்ததும் தானியமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு வாசலோடு திரும்பினாள். அவள் போட்ட கோலம் வீட்டுக்குள் போனது. சாதி ஒழுங்கு உழைப்பை உள்ளே எடுத்துக்கொண்டு உழைத்தவரை வெளியே நிறுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அரண்மனையும் இதையே செய்தது. குறவஞ்சி நாடகங்களில் குறி சொல்லும் குறத்தி அழகும் அறிவும் உள்ளவளாக வருகிறாள். தஞ்சை மராத்திய மன்னர் சரபோஜியைப் பாட்டுடைத் தலைவராக வைத்தும் குறவஞ்சி பாடப்பட்டது. மேடையில் குறத்தி வேடத்துக்கு மரியாதை இருந்தது. தெருவில் நடந்த குறத்திக்கு அது கிடைக்கவில்லை.

உப்பு வண்டி நின்றபோது

நம் வட்டாரத்தின் கதை இங்கிருந்து தனியாகப் பிரிகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கென்றே தமிழக அரசின் சீர்மரபினர் பட்டியலில் 'சேலம் உப்புக் குறவர்' என்று ஒரு பெயர் இருக்கிறது. 'சேலம் மேல்நாடு குறவர்', 'ஆத்தூர் கீழ்நாடு குறவர்', 'ஆத்தூர் மேல்நாடு குறவர்' என்ற பெயர்களும் இருக்கின்றன. அந்த 'உப்பு' என்ற சொல்லுக்குள் ஒரு பொருளாதார வரலாறு இருக்கிறது.

கடற்கரை உப்பளங்களில் உப்பை வாங்கி, கழுதை மீதும் மாட்டின் மீதும் பொதி ஏற்றி, உள்நாட்டுச் சமவெளிக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றியவர்கள் குறவர்கள். ஆண்கள் பொதியோடு நடக்க, பெண்கள் கூடை முடைந்தார்கள், குறி சொன்னார்கள், பச்சை குத்தினார்கள். குடும்பமே நடந்துகொண்டே பிழைத்தது. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைக் கம்பெனி அரசு தன் ஏகபோகமாக்கியது. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து வந்த ரயில் பாதை சேலத்தை எட்டியது. பொதிமாடு பல நாள் நடந்து கொண்டுவந்த உப்பு ரயிலில் மூட்டையாக வந்து இறங்கியது. பிறகு 1876–78 பஞ்சம். தாது வருடப் பஞ்சம் என்று ஊர் இன்றும் நினைவு வைத்திருக்கும் அந்தப் பஞ்சத்தில் சேலம் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் ஒன்று. வாங்க உப்பும் இல்லை, மாற்றத் தானியமும் இல்லை. ஆனால் நடை நிற்கவில்லை. பிழைப்புக்கு வேறு வழி இல்லாததால் நடந்துகொண்டே இருந்தார்கள்.

நிலையான முகவரி இல்லாமல் நடப்பவர்களை ஆங்கிலேய அரசு சந்தேகத்தோடு பார்த்தது. 1871இல் வட இந்தியாவில் குற்றப்பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இன் புதிய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் அதைக் கொண்டுவந்தது. ஒரு சமூகத்தையே குற்றவாளி என்று அறிவிக்கலாம், பதிவேட்டில் ஏற்றலாம், விரல் ரேகை எடுக்கலாம், இருப்பிடம் விட்டு நகர்ந்தால் காவல்துறைக்குச் சொல்ல வைக்கலாம், குடியேற்றங்களில் அடைக்கலாம் என்று அந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது. நம் மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். ஊர் ஊராகப் போய் அடுத்தவர் கையில் கோலம் போட்ட இனத்தின் கை, காவல் நிலையத்தில் மை தடவிக் காகிதத்தில் அழுத்தப்பட்டது. நகரவே அனுமதி வேண்டும் என்றான பிறகு ஊர் சுற்றிச் செய்யும் தொழில் எப்படி நிலைக்கும்?

மேலே சொன்ன தர்ஸ்டனும் இந்தக் கதைக்கு வெளியே நின்றவர் இல்லை. மக்களின் மூக்கையும் மண்டையையும் அளவுகோல் வைத்து அளந்தவர் அவர். உடலை அளந்து ஆளை அடையாளம் காணும் முறையைக் காவல்துறையினருக்கும் கற்பித்தவர். நம் பாட்டிமாரின் கோலங்கள் அவர் நூலில் கிடைக்கின்றன என்பதற்காக நாம் நன்றி சொல்லலாம். அவற்றைப் போட்ட ஒரு பெண்ணின் பெயர்கூட அங்கிருந்து நமக்குத் தெரியவராததையும் மறக்க வேண்டியதில்லை.

பச்சை குத்திய பேரரசர்

இதே காலத்தில் ஐரோப்பாவில் என்ன நடந்தது? 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளிகள் உண்டு என்றும் அவர்களை உடலை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்றும் ஒரு நூல் எழுதினார். அவர் சொன்ன அறிகுறிகளில் பச்சையும் ஒன்று. குற்றம் இரத்தத்தில் வருகிறது என்ற கருத்து அங்கே நூலானது, இங்கே சட்டமானது.

ஆனால் பிரிட்டிஷ் அரச குடும்பத்துக்கு அந்த விதி பொருந்தவில்லை. இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்ட் 1862இல் ஜெருசலேம் பயணத்தில் கையில் சிலுவை குத்திக்கொண்டார். அவர் மகன் ஜார்ஜ் 1881இல் ஜப்பானில் ஒரு டிராகனைக் குத்திக்கொண்டார். அந்த ஜார்ஜ்தான் 1910இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர், 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் இந்தியப் பேரரசராக அமர்ந்தவர். குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். கையில் பச்சையோடு ஒருவர் அரியணையில் இருந்தார். பச்சை குத்துவதைத் தொழிலாகக் கொண்ட இனம் அவர் பெயரால் பதிவேட்டில் ஏறியது.

ஜார்ஜ் பச்சை குத்திக்கொண்ட ஜப்பானில் அப்போது நிலைமை வேறு. 1720 முதல் அங்கே திருட்டுக் குற்றத்துக்குக் கையிலோ நெற்றியிலோ பச்சை குத்துவது தண்டனையாக இருந்தது. மேலை நாட்டார் நம்மைக் காட்டுமிராண்டிகள் என்று நினைத்துவிடுவார்கள் என்ற கவலையில் 1872இல் அரசு தன் மக்களுக்குப் பச்சையையே தடை செய்தது. 1948 வரை அந்தத் தடை நீடித்தது. அதன் நிழல் இன்றும் இருக்கிறது. பல வெந்நீர்க் குளியல் விடுதிகள் பச்சை குத்தியவர்களை உள்ளே விடுவதில்லை. 2013இல் ஹொக்கைடோவில் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களில், முகத்தில் தன் முன்னோர் மரபின் பச்சையைத் தாங்கிய நியூசிலாந்து மவோரிப் பெண் ஒருவரும் இருந்தார். பழங்குடி மொழிகள் பற்றிய மாநாட்டுக்கு வந்தவர் அவர்.

அடையாளம் போடும் அதிகாரம்

தானாக விரும்பிக் குத்திக்கொள்வது ஒன்று. ஒருவரைப் பிடித்து வைத்து அடையாளம் போடுவது வேறொன்று. இந்த இரண்டாவது வழக்கத்தை நம் வரலாறு நன்றாக அறியும். சோழர் காலத்தில் கோயிலுக்கு உரியவர்கள் என்று காட்ட தேவரடியார் உடலில் சூலக்குறி பொறிக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. கம்பெனி ஆட்சியில் 1797ஆம் ஆண்டு வங்காள ஒழுங்குமுறைச் சட்டம் கைதிகளின் நெற்றியில் குற்றத்தின் பெயரைப் பச்சை குத்த வழி செய்தது. 'கோத்னா' என்று அழைக்கப்பட்ட அந்தத் தண்டனை 1849இல்தான் ஒழிக்கப்பட்டது. அந்தமானுக்கும் மொரீஷியசுக்கும் நாடு கடத்தப்பட்டவர்களைப் போலவே, பிழைக்கப் போனவர்களின் உடலும் பதிவானது. சென்னைத் துறைமுகத்திலிருந்து 1860 முதல் நேட்டாலுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், சாதி, ஊர் ஆகியவற்றோடு உடல் அடையாளத்துக்கும் இடம் இருந்தது. ஊரில் அழகுக்கும் நம்பிக்கைக்கும் குத்திய பச்சை, அங்கே ஓடிப்போனால் பிடிக்க உதவும் குறியானது. நாஜிகள் ஆஷ்விட்சில் மனிதர்களின் கையில் எண்ணைக் குத்தியபோது இதே தர்க்கம் அதன் கொடூர எல்லையைத் தொட்டது.

இதெல்லாம் பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1993 டிசம்பரில் பஞ்சாபின் அமிர்தசரசில் காவல்துறையினர் நான்கு பெண்களைப் பிடித்து அவர்கள் நெற்றியில் 'ஜேப்கத்ரி', அதாவது ஜேப்படிக்காரி என்று பச்சை குத்தினார்கள். அந்தப் பெண்கள் சான்சி சமூகத்தவர். குறவர்களைப் போலவே குற்றப்பரம்பரை என்று முத்திரையிடப்பட்ட சமூகம் அது. நெற்றியைத் துணியால் மறைத்துக்கொண்டு அவர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. 2016இல், அதாவது 23 ஆண்டுகள் கழித்து, சிபிஐ நீதிமன்றம் மூன்று காவல் அதிகாரிகளுக்குத் தண்டனை கொடுத்தது. அதிகபட்சம் மூன்று ஆண்டுச் சிறை. 1849இல் ஒழிந்த தண்டனை 144 ஆண்டுகள் கழித்து அதே நெற்றியில் வந்து உட்கார்ந்தது.

அதே 1993இல்தான் நம் மாநிலத்தில், கடலூர் மாவட்டம் கம்மாபுரம் காவல் நிலையத்தில், திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட குறவர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். 'ஜெய் பீம்' படத்துக்கு அடிப்படையான வழக்கு அது. படத்தில் அவர் இருளராகக் காட்டப்பட்டார். அவர் குறவர் என்பது படம் பார்த்த பலருக்கு இன்றும் தெரியாது. ஊசி தேவைப்படாமலேயே 'திருடன்' என்ற சொல் ஒரு சமூகத்தின் நெற்றியில் எழுதப்பட்டிருப்பதற்கு இதுவே சாட்சி. 'கேப்மாரி' என்று நாம் போகிற போக்கில் திட்டும் சொல் அரசுப் பட்டியலில் தோகமலைக் குறவரின் மறுபெயர். வசைச் சொல்லாக நாவில் பழகிவிட்டதால் அது ஒரு சமூகத்தின் பெயர் என்பதே மறந்துவிட்டது.

சான்றிதழில் தொடரும் கதை

குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இலும் ஒழிந்தது. ஆனால் 'வழக்கமான குற்றவாளிகள்' என்ற பெயரில் புதிய சட்டங்கள் வந்தன. சிறை விதிகளில் சீர்மரபினரைச் சந்தேகத்தோடு பிரித்துப் பார்க்கும் பகுதிகள் அரசமைப்புக்கு எதிரானவை என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2024 அக்டோபர் 3 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சாதிப் பட்டியலும் இவர்களைச் சிதறடித்திருக்கிறது. எருகுலர் என்ற பெயரில் ஆந்திரத்தில் பழங்குடி. கொரமர், கொரச்சர் என்ற பெயரில் கர்நாடகத்தில் பட்டியல் சாதி. தமிழ்நாட்டில் 'குறவன், சித்தனார்' பட்டியல் சாதி, ஆனால் சேலம் உப்புக் குறவர் சீர்மரபினர். 1979இல் 'சீர்மரபின பழங்குடியினர்' என்ற பெயரையே 'சீர்மரபின சமூகங்கள்' என்று மாற்றினார்கள். 2019இல் மத்திய அரசுத் திட்டங்களுக்கு ஒன்று, மாநில அரசுக்கு ஒன்று என இரட்டைச் சான்றிதழ் வந்தது. அதை எதிர்த்து நீண்ட காலம் போராடிய பிறகு 2024இல் ஒற்றைச் சான்றிதழ் அறிவிப்பு வந்தது. அண்ணனுக்கு ஒரு சான்றிதழும் தம்பிக்கு வேறு சான்றிதழும் இருக்கும் குடும்பங்களை நாங்கள் இங்கே பார்த்திருக்கிறோம்.

இந்தக் குழப்பத்துக்கும் பச்சைக்கும் தொடர்பு இருக்கிறது. ராணுவ ஆள்சேர்ப்பு விதிப்படி முழங்கையின் உட்புறம் முதல் மணிக்கட்டு வரையும் புறங்கையிலும் மட்டுமே நிரந்தரப் பச்சை இருக்கலாம். மரபு வழியாகப் பச்சை குத்தும் பழங்குடியினருக்கு விதிவிலக்கு உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பச்சை குத்துவதையே தொழிலாகக் கொண்ட தமிழ்நாட்டுக் குறவர் வீட்டுப் பிள்ளை அந்த விதிவிலக்கைக் கேட்க வழியில்லை. அவர் பழங்குடிப் பட்டியலில் இல்லை.

திருப்பி எழுதியவர்கள்

ஒடுக்கப்பட்டவர்கள் இந்த மையைத் தங்கள் பக்கம் திருப்பிய கதைகளும் உண்டு. சத்தீஸ்கரில் கோயிலுக்குள் விடப்படாத தலித் மக்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராம்நாமி என்ற இயக்கமாகத் திரண்டார்கள். ராமன் பெயரை முகம் முதல் கால் வரை உடலெங்கும் பச்சை குத்திக்கொண்டார்கள். உன் கோயில் எனக்கு வேண்டாம், என் உடலே போதும் என்பது அதன் பொருள். அந்தப் பக்தியோடு நமக்கு முரண்பாடு இருக்கலாம். அதிலிருந்த எதிர்ப்பை மதிக்காமல் இருக்க முடியாது.

பீகாரின் மிதிலைப் பகுதியில் பிராமண, காயஸ்தப் பெண்களின் ஓவியங்கள் உலகப் புகழ் பெற்றபோது, துசாத் என்ற தலித் சமூகப் பெண்கள் 1970களில் தங்கள் உடலில் இருந்த கோத்னா உருவங்களைக் காகிதத்தில் வரையத் தொடங்கினார்கள். ஜித்வார்பூரின் சானோ தேவி அதில் முன்னோடி. கைதியின் நெற்றிக்குப் போன அதே 'கோத்னா' என்ற சொல் ஓர் ஓவிய மரபின் பெயராக நிமிர்ந்தது. 2024இல் அந்த மரபைச் சேர்ந்த சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் இணையருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. நியூசிலாந்தில் தாடையில் மவோரிப் பச்சையோடு நாடாளுமன்றத்தில் அமர்ந்த நனாயா மஹுட்டா 2020இல் வெளியுறவு அமைச்சரானார்.

சேலத்துக் குறத்தியின் கோலத்துக்கு இப்படி எதுவும் நடக்கவில்லை. அந்தக் கோலங்களைத் தாங்கிய கைகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போகின்றன. 2023இல் குறவன் குறத்தி ஆட்டத்தை அரசு தடை செய்தது சரியான முடிவு. ஆபாசப் பாட்டுக்கு ஒரு சமூகத்தின் பெயரைப் பயன்படுத்துவதை அது நிறுத்தியது. இழிவைத் தடுத்ததோடு வேலை முடியவில்லை. அறிவை அங்கீகரிப்பது பாக்கி இருக்கிறது.

நாம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் கோலங்களைப் படமெடுத்து, குத்தியவர் யார் என்று பாட்டிக்கு நினைவிருந்தால் அந்தப் பெயரோடு சேர்த்து அரசு அருங்காட்சியகங்கள் பதிவு செய்யட்டும். இன்னும் தொழில் தெரிந்த பெண்கள் இருந்தால் அவர்களைக் கலைஞர்களாகப் பதிந்து நல வாரிய அட்டை கொடுக்கட்டும். சான்றிதழ்ச் சிக்கலைத் தீர்க்க ஒரே இனத்துக்கு ஒரே பட்டியல் என்ற கோரிக்கையை அரசு எடுத்துப் பேசட்டும். எங்காவது நகை காணாமல் போனால் குறவர் குடியிருப்பில் முதலில் ஜீப் நிற்பதைக் காவல்துறை நிறுத்தட்டும்.

உங்கள் வீட்டுப் பாட்டியின் கையில் பச்சை இருந்தால், அது எந்த ஊரில், எந்த வயதில், யார் குத்தியது என்று இன்றே கேட்டுவையுங்கள். "யாரோ ஒரு குறத்தி" என்பார். அவள் பெயர் என்ன என்று இன்னொரு முறை கேளுங்கள்.